பக்கத்து நாட்டில் மலேரியா இருக்கும்போது நம் பக்கம் மட்டும் ஒழிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஒரு நாடு எவ்வளவு செலவழித்து மலேரியாவை ஒழித்தாலும், எல்லைக்கு அந்தப் பக்கம் நோய் இருந்தால் ஓர் ஆளோ ஒரு கொசுவோ கடந்து வந்தாலே போதுமே, எல்லாம் வீண்தானே? எல்லையை இறுக்கி மூடுவதைத் தவிர வேறு என்ன வழி? அப்புறம், ஒழித்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்கிய பிறகும் அதற்கு ஏன் பணம் ஒதுக்க வேண்டும்?

முடியும் என்பதுதான் பதில். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லையை மூடி அதைச் சாதிக்கவில்லை. நோயாளி கடந்து வருவார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். வந்தவரிடமிருந்து உள்ளூர்க் கொசு கிருமியை வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பதற்குள் அவரைக் கண்டுபிடித்துக் குணப்படுத்திவிட வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். எல்லையோர மலேரியாவில் கிலோமீட்டரை விட நாட்கள்தான் முக்கியம். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் வந்துவிடும்.

யுன்னானுக்கும் மியன்மாருக்கும் இடையே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் எல்லை. பெரும்பாலும் மலை, காடு, ஓடை. அதில் யிங்ஜியாங் என்று ஒரு மாவட்டம். அதன் விளிம்பில் நாபாங் என்ற சிற்றூர். நடுவில் ஒரு சின்ன ஆறு, அக்கரையில் மியன்மாரின் கச்சின் மாநிலத்தைச் சேர்ந்த லைசா. அங்கே ஆட்சி நடத்துவது மியன்மார் அரசு அல்ல, கச்சின் ஆயுத அமைப்பு. இக்கரையில் ஜிங்போ என்று அழைக்கப்படுபவர்களும் அக்கரையில் கச்சின் என்று அழைக்கப்படுபவர்களும் ஒரே மக்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள், சந்தைக்கு வருகிறார்கள். சீனப் பக்கத்து ஆட்கள் மரம் வெட்டவும் வாழை, கரும்புத் தோட்டங்களில் வேலை பார்க்கவும் பச்சைக்கல் சுரங்கங்களுக்கும் அந்தப் பக்கம் போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். முத்திரை குத்தும் சோதனைச் சாவடிகள் சில இருக்கின்றன. ஒற்றையடிப் பாதைகளோ எண்ணி முடியாது.

சீனாவில் 1940-களில் ஆண்டுக்குச் சுமார் 3 கோடிப் பேருக்கு மலேரியா வந்துகொண்டிருந்தது. மருந்து தெளிப்பு, நீர்நிலைகளைச் சீராக்குதல், 1980-களில் மருந்தூட்டிய கொசுவலை என்று பல வழிகளில் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1990-ன் முடிவில் அது லட்சத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. 2010-ல் 'இனி குறைப்பது இல்லை, ஒழிப்பதுதான்' என்று பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள். உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளிகள் 2016-ல் பதிவானார்கள், மொத்தமே மூன்று பேர். ஒருவர் இந்த யிங்ஜியாங்கில், மற்ற இருவர் திபெத்தில் அருணாசலப் பிரதேசத்தை ஒட்டிய மேடோக்கில். அவ்வளவு பெரிய நாட்டில் கடைசிப் பொறி அணைந்த இரண்டு இடங்களும் எல்லை மாவட்டங்கள் என்பது தற்செயல் இல்லை. 2021 ஜூன் 30 அன்று உலக சுகாதார நிறுவனம் சீனாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது.

இப்போது அந்த நாள் கணக்குக்கு வருவோம். மலேரியா ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றாது. அனாஃபிலிஸ் வகைப் பெண் கொசு ஒரு நோயாளியைக் கடித்து ரத்தத்தோடு கிருமியை உறிஞ்ச வேண்டும். அந்தக் கிருமி கொசுவின் குடலில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு வெப்பநிலையைப் பொறுத்து ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும், குளிர் என்றால் இன்னும் கூடும். அதற்குப் பிறகுதான் அந்தக் கொசுவால் இன்னொருவருக்கு நோயைக் கொடுக்க முடியும். பெரும்பாலான கொசுக்கள் அவ்வளவு நாள் உயிரோடு இருப்பதே இல்லை. ஆக, நோயாளி ஊருக்குள் வந்ததற்கும் அவரால் அடுத்தவர் நோயில் விழுவதற்கும் நடுவே இயற்கையாகவே ஓர் அவகாசம் கிடைக்கிறது. மலேரியா ஒழிப்பு என்ற பெரிய வேலையே அந்த அவகாசத்துக்குள் நடக்க வேண்டிய வேலைதான்.

சீனாவின் '1-3-7' முறை இந்த அவகாசத்தைத்தான் மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு நாளுக்குள் தகவல், மூன்று நாளுக்குள் விசாரணை, ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை.

ஒரு நாள் என்பது, ஊர்ச் சுகாதார நிலையமோ தனியார் மருத்துவமனையோ யார் மலேரியாவைக் கண்டுபிடித்தாலும் 24 மணி நேரத்துக்குள் தேசியத் தகவல் அமைப்பில் ஏற்றிவிட வேண்டும் என்பது. 2003-ல் சார்ஸ் கொடுத்த அடிக்குப் பிறகு சீனா 2004-லேயே தொற்றுநோய்களுக்கு நேரடி இணையப் பதிவு முறையைக் கொண்டுவந்திருந்தது. மலேரியாவுக்கு அது அப்படியே பயன்பட்டது. நம் ஊர்களில் மாதக் கடைசியில் தாளில் கூட்டிக் கழித்து மேலே அனுப்பும் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அந்த அறிக்கை மேசைக்கு வரும்போது கொசு தன் வேலையை முடித்திருக்கும்.

மூன்று நாள் விசாரணைதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. மாவட்ட நோய்த் தடுப்பு மையத்து ஆட்கள் நோயாளியைத் தேடிப் போய், கடந்த வாரங்களில் இரவு எங்கே தூங்கினார், எந்தப் பக்கம் வேலை பார்த்தார், கூட யார் யார் இருந்தார்கள், முன்பு எப்போதாவது மலேரியா வந்து முழுதாக மருந்து சாப்பிட்டாரா என்று கேட்கிறார்கள். ரத்த மாதிரியை மேல்நிலை ஆய்வகத்தில் மறுபடி உறுதிசெய்கிறார்கள். இதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத் தீர்மானிக்கத்தான்: நோய் வெளியிலிருந்து வந்ததா, இங்கேயே தொற்றியதா? வெளியிலிருந்து வந்தது என்றால், அவர் இங்கே வந்து எத்தனை நாள் ஆயிற்று, அந்த ஊரில் நோய் பரப்பும் கொசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேயே தொற்றியது என்றால் நிலைமை வேறு. நமக்குத் தெரியாமல் இன்னொரு நோயாளி எங்கோ இருக்கிறார் என்று பொருள்.

ஏழு நாளுக்குள் அந்த நோயாளியின் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிப்பு, வலை வழங்கல். ஏழு என்ற எண் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். நோயாளியைக் கடித்த கொசு நோயைக் கொடுக்கத் தயாராகும் முன்பே அந்த வட்டத்தைச் சுற்றி வளைத்துவிட வேண்டும். இதில் ஒரு குறை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கும் உடனடிப் பரிசோதனைக் கிட்டும் நுண்ணோக்கியும், ரத்தத்தில் மிகக் குறைவாகக் கிருமி இருந்தால் தவறவிட்டுவிடும். காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்கள் இப்படித்தான் தப்பிப் போகிறார்கள். அதனால்தான் மரபணு அடிப்படையிலான பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவு கணக்கையும் குலைக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, விவாக்ஸ் என்ற மலேரியா வகை. மலேரியாவில் உயிருக்கு அதிக ஆபத்தானது பால்சிபாரம் வகை. ஆனால் எல்லைப் பகுதியில் ஒழிப்பவர்களின் உயிரை வாங்குவது விவாக்ஸ்தான். பால்சிபாரத்தை ரத்தத்திலிருந்து துடைத்துவிட்டால் கதை முடிந்தது. விவாக்ஸ் கிருமிகளில் ஒரு பங்கு கல்லீரலில் போய்த் தூங்கிவிடும். வாரங்கள், மாதங்கள், சில சமயம் ஓர் ஆண்டு கூடக் கழித்து எழுந்து மறுபடி காய்ச்சலைக் கிளப்பும். அப்படித் தூங்கும் கிருமியை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. மரம் வெட்டப் போனவர் காய்ச்சல் இல்லாமல், சுத்தமான ரத்த முடிவோடு, எல்லா ஆவணங்களோடும் சோதனைச் சாவடி வழியே ஊர் திரும்புவார். நான்கு மாதம் கழித்து அறுவடை நேரத்தில் படுத்துவிடுவார். எல்லையில் எவ்வளவு உயரமாக வேலி போட்டாலும் அவரை எப்படித் தடுப்பீர்கள்? லைசா பகுதியில் இருப்பது பெரும்பாலும் இந்த விவாக்ஸ்தான்.

கல்லீரலில் தூங்குவதைக் கொல்ல நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து பிரைமாகுயின். உலக அளவில் வழக்கம் 14 நாள், சீனாவில் 8 நாள் முறையைப் பின்பற்றினார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளே போய்விடும், மிச்ச நாட்களுக்கு யார் மாத்திரை விழுங்குவார்? அதனால் சுகாதாரப் பணியாளர் முன்னால் நின்று விழுங்க வைக்க வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கல், உடலில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். கச்சின் மக்களிடம் அந்தக் குறைபாடு கணிசமாக இருக்கிறது. எனவே கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்கவும் முடியாது. ஒரே மாத்திரையில் முடியும் டாஃபெனோகுயின் வந்திருக்கிறது, ஆனால் அதைக் கொடுக்க நொதிப் பரிசோதனை இன்னும் கண்டிப்பாகத் தேவை. ஒற்றையடிப் பாதையில் நடந்து வரும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இதையெல்லாம் எங்கே, யார் செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

சரி, கொசுவே கடந்து வந்தால்? அதையும் யோசித்திருக்கிறார்கள். அனாஃபிலிஸ் கொசு வழக்கமாகப் பறக்கும் தூரம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். எனவே எல்லைக் கோட்டிலிருந்து 2.5 கிலோமீட்டர் அகலப் பட்டையில் இருக்கும் ஊர்களைத் தனியாகப் பிரித்தார்கள். நேர் எதிரே நோய் இருந்தால், இந்தப் பட்டையில் இருப்பவர் தன் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே அக்கரைக் கொசுவால் நோய் வாங்க முடியும். எல்லை தாண்டவே இல்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். இந்தப் பட்டை முதல் அரண். அடுத்தது எல்லையோர ஒன்றியங்கள், மூன்றாவது எல்லை மாவட்டங்கள் முழுவதும். ஒவ்வொன்றிலும் கண்காணிப்பின் தீவிரம் வேறு.

இந்த மூன்றோடு ஒன்று கூட்டினார்கள், அதற்கு '3+1' என்று பெயர். அந்த ஒன்று எல்லைக்கு அப்பால் இருக்கிறது. மியன்மார் மண்ணில் எல்லையை ஒட்டிய பகுதிகளில் பரிசோதனை நிலையங்கள், அங்குள்ள பணியாளர்களுக்கு நுண்ணோக்கிப் பயிற்சி, மருந்து, வலை, இரு பக்கமும் தகவல் பரிமாற்றம். சொல்வதற்கு எளிது. நடைமுறையில் அந்தப் பகுதிகள் கச்சின், வா, கோகாங் என்று வெவ்வேறு ஆயுத அமைப்புகளின் கையில் இருக்கின்றன. ஓர் அரசு இன்னோர் அரசோடு செய்யும் ஒப்பந்தம் அங்கே காகிதம் மட்டுமே. அதனால் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டின் நிதியும், ஹெல்த் பாவர்ட்டி ஆக்‌ஷன் போன்ற தொண்டு நிறுவனங்களும் இடையில் நின்றன. 2011-ல் 17 ஆண்டுப் போர்நிறுத்தம் முறிந்து கச்சினில் சண்டை மறுபடி தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் லைசாவைச் சுற்றி முகாம்களுக்கு வந்தார்கள். முகாம் என்றால் நெருக்கடி, தார்ப்பாய்க் கூரை, மாலையில் வெளியே சமையல், கொசுவுக்குக் கொண்டாட்டம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஓர் ஆறு தள்ளித்தான் யிங்ஜியாங் 2016-க்குப் பிறகு உள்நாட்டுத் தொற்று பூஜ்யம் என்ற நிலையைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

அக்கரையில் பணம் செலவழிப்பதைத் தர்மம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனப் பக்கத்து நோயாளிகளின் எண்ணிக்கை அக்கரை எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. அங்கே ஒருவரைக் குணப்படுத்துவது இங்கே பத்துப் பேரைத் துரத்துவதை விட மலிவு. இது சுத்தமான சுயநலக் கணக்கு. அதனாலேயே தாக்குப்பிடிக்கிறது என்றும் சொல்வேன்.

எல்லையை மூடுவது பற்றிக் கேட்டீர்கள். கொரோனாக் காலத்தில் அது நடந்தேவிட்டது. ரூயிலி போன்ற எல்லை நகரங்களை ஒட்டி வேலி எழுந்தது, போக்குவரத்து நின்றது, வெளியிலிருந்து வந்த மலேரியா எண்ணிக்கையும் குறைந்தது. ஆனால் கட்டுப்பாடு தளர்ந்ததும் மறுபடி ஏறியது. நோய் அக்கரையில் அப்படியே இருந்ததே, வேறென்ன ஆகும்? மூடுவதில் இன்னொரு தீமை, கடப்பதே குற்றம் என்று ஆகிவிட்டால் கடந்து வந்தவர் காய்ச்சல் வந்தாலும் மருத்துவமனைக்குப் போக மாட்டார். போனாலும் எங்கே இருந்தேன் என்ற உண்மையைச் சொல்ல மாட்டார். அந்த மூன்று நாள் விசாரணை முழுக்க அவர் சொல்லும் உண்மையில்தான் நிற்கிறது. எல்லைக் காவலரும் சுகாதாரப் பணியாளரும் ஒரே ஆள் போலத் தெரிந்துவிட்டால் மலேரியா ஒழிப்பு அங்கே முடிந்தது.

தாய்லாந்தைப் பாருங்கள். அங்கேயும் 1-3-7 முறைதான், மருத்துவ அமைப்பும் வலுவானது. மேற்கே தாக் மாகாணம், எல்லைக்கு அப்பால் மியன்மாரின் கரென் மாநிலம். 2014 முதல், தாக்கில் உள்ள மே சோட் நகரைத் தளமாகக் கொண்ட ஷொக்லோ மலேரியா ஆய்வுப் பிரிவு, கரென் மாநிலத்தில் ஊர் ஊராக மலேரியா நிலையங்களை அமைத்தது, ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் அந்த ஊர்க்காரரே ஒருவர், கையில் கிட்டும் மாத்திரையும். பெரிய பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பால்சிபாரம் அங்கே கண்கூடாகச் சரிந்தது. அப்புறம் 2021 பிப்ரவரியில் ராணுவப் புரட்சி, சண்டை, இடப்பெயர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் மியன்மாரின் மலேரியா 2019-ல் 78,000-ஆக இருந்தது, 2022-ல் 5,84,000. அதே சமயம் தாய்லாந்தில் 2021-ல் 2,426-ஆக இருந்தது அடுத்த ஆண்டே 6,263 ஆனது. தாய்லாந்து எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. அக்கரையில் இருந்த அந்த ஊர்க்காரர்கள் கிட்டையும் மாத்திரையையும் விட்டு ஓட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எல்லைகள் மலேரியாவுக்கு இன்னொரு வகையிலும் பிடித்தமான இடம். குளோரோகுயின் மருந்துக்குப் பால்சிபாரம் அடங்க மறுத்தது முதலில் தெரிந்த இடங்களில் ஒன்று 1950-களின் இறுதியில் தாய்லாந்து - கம்போடியா எல்லை. அரை நூற்றாண்டு கழித்து ஆர்ட்டிமிசினின் என்ற மருந்துக்கும் அதே பகுதியில், கம்போடியாவின் பைலின் பக்கம், கிருமி மெதுவாகத்தான் செத்தது. ரத்தினக்கல் தோண்ட எங்கெங்கிருந்தோ வந்து போகும் ஆட்கள், போலி மாத்திரை, அரைகுறை மருந்து, இதெல்லாம் சேர்ந்த இடம் அது. அந்த ஆர்ட்டிமிசினினே வியட்நாம் போரில் காட்டுக்குள் மலேரியாவால் விழுந்துகொண்டிருந்த வீரர்களுக்காக 1967-ல் சீனா தொடங்கிய ரகசியத் திட்டத்தில் பிறந்தது. சீன விஞ்ஞானி து யூயூ 2015-ல் நோபல் வாங்கியது அதற்காகத்தான்.

பணம் ஏன் தொடர்ந்து வேண்டும் என்பதற்கு இலங்கையை விடப் பெரிய சாட்சி கிடையாது. 1963-ல் அந்தத் தீவு முழுவதும் மலேரியா கண்டவர்கள் 17 பேர். வேலை முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-க்குள் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கிருந்து மறுபடி பூஜ்யத்துக்கு வர 2012 வரை ஆயிற்று. அதிலும் பாதிக் காலம் போர். வடக்கிலும் கிழக்கிலும் சண்டை நடந்தபோதும் மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் தெளிப்பும் வலை விநியோகமும் இரு தரப்பும் தடுக்காமல் தொடர்ந்தன. நாட்டுக்குள்ளேயே ஓர் எல்லை இருந்தபோது அதைக் கடந்து வேலை செய்த அனுபவம் அது. 2016 செப்டம்பரில் சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் ஸ்டீபன்சி வகைக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது. நம் சென்னையில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் அதே கொசு, இலங்கையில் அதுவரை இல்லாதது. 2018-ல் இந்தியாவிலிருந்து வேலைக்குப் போன ஒருவரிடமிருந்து அங்கே உள்ளூர்க்காரர் ஒருவருக்கு விவாக்ஸ் தொற்றியது. உடனே பிடித்தார்கள், அது ஒன்றோடு நின்றது. கடல் சூழ்ந்த தீவு என்பதால் எல்லை இல்லை என்று ஆகிவிடாது.

ஒழித்த பிறகு வரும் பெரிய ஆபத்து மறதி. பத்தாண்டுகள் மலேரியாவே பார்க்காத இளம் மருத்துவர் காய்ச்சலைப் பார்த்ததும் டெங்கு என்பார், ஃப்ளூ என்பார். ஆய்வக ஊழியருக்கு ஸ்லைடில் கிருமியை அடையாளம் காணும் கண் போய்விடும். இது சீனாவுக்கு 2013-லேயே சோதனையாக வந்தது. கானாவில் தங்கச் சுரங்கங்களில் சட்டவிரோதமாக வேலை பார்த்த சீனர்களை அந்த அரசு வெளியேற்றியபோது, அவர்களில் மிகப் பலர் குவாங்சியின் ஷாங்லின் என்ற ஒரே மாவட்டத்துக்காரர்கள். சில மாதங்களுக்குள் அந்த ஒரு மாவட்டத்தில் 800-க்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. ஆப்பிரிக்காவுக்கும் அந்த மாவட்டத்துக்கும் நடுவே எந்த எல்லையும் இல்லை, விமானம்தான். விரைந்து சிகிச்சை கொடுத்து உள்ளூரில் பரவாமல் அடக்கினார்கள். கொரோனாவுக்கு முன்பு சீனாவில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வெளியிலிருந்து வந்த மலேரியா பதிவானது, பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து. ஆக ஒழித்த நாடு என்றால் நோயாளியே இல்லாத நாடு இல்லை. உள்ளே தொற்றாத நாடு.

சான்றிதழ் விதியும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தொடர்ந்து மூன்று ஆண்டு உள்நாட்டுத் தொற்று பூஜ்யமாக இருக்க வேண்டும், திரும்ப வராமல் தடுக்கும் திறன் இருப்பதையும் காட்ட வேண்டும். கொடுத்த சான்றிதழ் ஆபத்துக்குள்ளாவது எப்போது? ஒரே இடத்தில், ஒரே வகைக் கிருமியால், ஆண்டுக்கு மூன்று உள்நாட்டு நோயாளிகளாவது தொடர்ந்து மூன்று ஆண்டு வந்தால். ஒன்றிரண்டு பொறி விழுவதை விதியே மன்னிக்கிறது. விழுந்த இடத்திலேயே மூன்று ஆண்டு எரிய விடுவதைத்தான் மன்னிப்பதில்லை.

கடைசியாக நம் நாட்டு நிலைமை. இந்தியா 2027-க்குள் உள்நாட்டுத் தொற்றைப் பூஜ்யமாக்கவும் 2030-க்குள் ஒழித்துவிடவும் இலக்கு வைத்திருக்கிறது. மத்திய இந்தியக் காடுகளுக்கு அடுத்துக் கடினமான பகுதி திரிபுரா, மிசோரம். எதிரே வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதி. அந்த நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு அங்கேதான். 2014-ல் திரிபுராவில் பெரிய அலை அடித்தபோது எல்லைக்கு அப்பாலும் அதே ஆண்டு எண்ணிக்கை எகிறியது. இரு பக்கமும் ஒரே காடு, காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றிப் பயிரிடும் ஒரே ஜும் சாகுபடி, ஒரே கொசு. ஆனால் இரண்டு அரசுகள், இரண்டு தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள். ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் கையில் கிட் இருக்கிறது, மருந்து இருக்கிறது. அவர் கண்டுபிடித்த நோயாளி நேற்று அந்தப் பக்கம் எந்த ஊரில் தூங்கினார் என்ற தகவல் இன்றே அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளரின் தொலைபேசிக்குப் போய்ச் சேரும் ஏற்பாடு வேண்டும். தலைநகரங்களுக்கு இடையே நடக்கும் கூட்டங்களால் இது ஆகாது. மாவட்ட மலேரியா அலுவலர், எதிர்ப்பக்கத்து அலுவலரை யார் அனுமதியும் கேட்காமல் அழைத்துப் பேசும் உரிமை வேண்டும். யுன்னானில் எல்லை மாவட்டங்களுக்கு ஓரளவு அந்தச் சுதந்திரம் இருந்தது.

எத்தனை நாளைக்கு இப்படி என்றால், அக்கரையில் நோய் இருக்கும் வரைக்கும்தான். அதன் செலவு நோய் பரவியிருந்த காலத்துச் செலவில் ஒரு பங்குதான். ஆனால் நோயாளியே இல்லாத மாவட்டத்தில் நுண்ணோக்கி வாங்கவும் பயிற்சி கொடுக்கவும் நிதி கேட்டு ஒவ்வோர் ஆண்டும் கோப்பு நகர்த்துவது, நோய் இருக்கும் மாவட்டத்தில் கேட்பதை விடக் கடினம். யிங்ஜியாங்கில் இன்றைக்கும் அந்த 2.5 கிலோமீட்டர் பட்டையில் காய்ச்சல்காரர்களுக்கு விரலில் குத்திப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.